வாய் திறக்காத கெளுத்தி

எங்கள் பள்ளி விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு கடல் கெளுத்தியின் மண்டையோடு இருக்கிறது. யார் கொண்டுவந்து வைத்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அங்கே இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். திருப்பிப் பிடித்தால் அடிப்பக்கத்து எலும்பு குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஏதோ ஓர் உருவம் காட்டும். பிள்ளைகளிடம் கொடுத்து என்ன தெரிகிறது என்று கேட்பேன். ஒருத்தி சிலுவை என்பாள். பக்கத்தில் இருப்பவன் வேல் என்பான். பெருமாள் கோயில் இருக்கும் திருப்புட்குழியிலிருந்து வருகிற ஒருவன் நாமம் என்றான். வடகலையா தென்கலையா என்று நான் கேட்டதும் வகுப்பு சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதை ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும். உள்ளே இரண்டு கற்கள் இருக்கின்றன. காதுக்கல் என்று சொல்வோம். தன் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மீன் அவற்றை வைத்துத்தான் உணர்கிறது. எல்லா மீனுக்கும் உண்டு. கெளுத்திக்குக் கொஞ்சம் பெரிது.

இந்த வருடம் ஆடி மாதத்தில் அந்த மண்டையோடு ஆய்வகத்திலிருந்து ஆசிரியர் அறைக்கு, என் மேஜைக்கு வந்துவிட்டது. கிடைத்த நேரமெல்லாம் அதை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். எதிர் மேஜை வேதியியல் ஆசிரியர் பொறுமைசாலி. ஒரு வாரம் பொறுத்தார்.

"சார், அத கீழ வைங்க சார். குடுகுடுப்பைக்காரன் எதிர்ல ஒக்காந்துக்கினு இருக்கற மாதிரியே இருக்குது."

வைத்தேன். கை தானாகப் போய் மறுபடி எடுத்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு விடைத்தாள் கட்டோடு நூலகத்துக்குப் போய்விட்டார்.

காரணத்தை அவரிடம் சொல்ல முடியாது. யாரிடமும் சொல்லக்கூடாது. என் மனைவி முழுகாமல் இருந்தாள். மூன்றாவது முறையாக.

முதல் முறை எங்களுக்கு விவரம் போதாது. சோதனைக் குச்சியில் இரண்டாவது கோடு தெரிந்த அன்றே மைசூர்பாகு வாங்கிக்கொண்டுபோய்த் தெரு முழுக்கக் கொடுத்தேன். பள்ளியிலும் கொடுத்தேன். கரு நிற்கவில்லை. மைசூர்பாகு போன வேகத்தில் இந்தச் செய்தி போகவில்லை. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பூக்கடையில், பேருந்து நிறுத்தத்தில், கோயில் வாசலில் யாராவது மலர்ந்த முகத்தோடு வந்து எத்தனாவது மாதம் என்று கேட்பார்கள். நான் சொல்வேன். அவர்கள் முகம் விழும். அப்புறம் அவர்களுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை இரண்டே வீட்டுக்குத்தான் சொன்னோம். எங்கள் ஊரில் இரண்டு வீடு என்றால் அது எங்கள் பகுதியான பிள்ளையார்பாளையம் முழுக்க என்று பொருள். அதுவும் நிற்கவில்லை.

அதனால் இந்த முறை என் மனைவி சட்டம் போட்டுவிட்டாள்.

"மூணாம் மாசம் ஸ்கேன் முடியறவரைக்கும் எங்கம்மாவுக்குக்கூட தெரியக்கூடாது. உங்க வாய்லேர்ந்து ஒரு வார்த்த வந்துச்சு, நான் செய்யாறுக்குப் போயிடுவேன்."

"செய்யாறுக்குப் போனா உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிடுமே" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கண் படும் என்பார்கள். விலங்கியல் படித்தவன் என்பதால் எனக்கு வேறு காரணம் தெரியும். கரு கலைவதெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. அதற்குள் சொல்லிவிட்டால் பிறகு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு அலைய வேண்டும். கண் படுவதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனால் நடுத்தெருவில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தால் நம்பாதவனும் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறான். நானும் ஒதுங்கினேன்.

ஒதுங்கினேனே தவிர ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டில் அவள் எழுந்தால் நானும் எழுந்தேன். குளியலறைக்குள் போய் அவள் தாழ்ப்பாள் போட்டால், வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்கும்வரை கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். முன்பு இரண்டு முறையும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்துதான் சொன்னாள். தண்ணீர் விழும் சத்தம் ஒரு நொடி நின்றால் கதவில் காதை வைத்தேன்.

"கதவு பக்கத்துல நிக்காதீங்க. எனக்கு வரவேண்டியதும் வரமாட்டேங்குது" என்று உள்ளேயிருந்து கத்துவாள். நகர்ந்துபோய்ச் சமையலறையில் நிற்பேன். அங்கே நின்றால் தெருவுக்குப் போகத் தோன்றும். தெருவுக்குப் போனால் வீட்டுக்கு வரத் தோன்றும்.

சாப்பாடு இறங்கவில்லை. வாந்தி அவளுக்கு, பட்டினி எனக்கு. இடுப்பு வார் கடைசித் துளைக்குப் போயிற்று. பிறகு ஆணி வைத்து நானே ஒரு துளை போட்டேன். வேதியியல் ஆசிரியர் சர்க்கரை பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டேன், இல்லை என்று பொய் சொன்னேன்.

அந்த நாட்களில்தான் வகுப்பில் கெளுத்தி வந்தது. பாடத்தில் அதற்கென்று தனி இடம் கிடையாது. மீன்களைப் பற்றிய பாடம் வரும்போது மண்டையோட்டைச் சுற்றுக்கு விட்டு நானாகச் சொல்வது வழக்கம்.

கடல் கெளுத்தியைப் பற்றி யாரும் மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. கழிமுகம், கரையோரத்துச் சேற்றுத் தரை, ஆறு கொண்டுவந்து கொட்டுகிற கலங்கல், இவைதான் அது வாழும் இடங்கள். அங்கே கண்ணால் பெரிய உபயோகம் இல்லை. வாயைச் சுற்றி இருக்கும் மீசைதான் அதற்குக் கையும் நாக்கும். தரையைத் தடவிக்கொண்டே போகும். புழு, நண்டு, செத்த மீன், அழுகல், படகிலிருந்து கழித்துப் போட்டது, எது தட்டுப்பட்டாலும் தின்னும். உடம்பில் செதில் இல்லை, வழவழவென்று வெறும் தோல். முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள். முள்ளில் ரம்பப் பல்லும் விஷமும் உண்டு. பிடிபட்டால் முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். செத்த பிறகும் லேசில் மடங்காது. சாக்கடை மீன் என்று சொல்லி வாங்காமல் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னால் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். பிறகுதான் மற்றதைச் சொல்வேன். பெண் மீன் முட்டையிடும். கோலிக்குண்டு அளவு முட்டை, மீன் உலகத்தில் அது பெரிய முட்டை. பெண் அதோடு போய்விடும். ஆண் மீன் அவற்றை வாயில் எடுத்து வைத்துக்கொள்ளும். சேற்றில் போட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும், விட்டு நகர்ந்தால் வேறு மீன் தின்றுவிடும், அதனால் வாயிலேயே. முட்டை பொரிந்து குஞ்சு வெளிவந்து, அது தானாக நீந்தத் தெரிந்துகொள்ளும்வரை. ஒரு மாதமாகும், அதற்கு மேலும் ஆகும். அத்தனை நாளும் எதையும் தின்னாது. எது கிடைத்தாலும் தின்கிற மீன், அப்போது மட்டும் ஒன்றையும் தொடாது.

எல்லா வருடமும் இந்த இடத்தில் பையன்கள் பக்கம் பார்த்து, "கேட்டுக்குங்கடா" என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். இந்த வருடம் அந்த இடம் வந்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ அழித்தேன்.

இனி பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுச்சுவர் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் தறி. விடியற்காலை அக்காவின் வீட்டுக்காரர் பலகை ஏறி உட்கார்ந்தால் எங்கள் வீட்டுப் பாத்திரம்கூட மெல்ல அதிரும். அதற்கு நாங்கள் பழகிவிட்டோம். பழகாதது அக்காவின் கேள்விதான்.

"ஏதாவது விசேஷம் உண்டாப்பா?"

கல்யாணமாகி ஒன்பது வருடம். அக்கா இந்தக் கேள்வியை வாரம் ஒரு முறையாவது கேட்பார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிற அதே குரல்தான். அக்கா மட்டுமா, பூக்காரம்மா கேட்பார், பால்காரர் கேட்பார், ஏகாம்பரநாதர் கோயிலில் முன்பின் தெரியாத ஓர் அம்மா பிரசாதம் வாங்கும் வரிசையில் கேட்டார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அந்தச் சொல்லே வெறுத்துப்போயிருந்தது. சிலரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். என் மனைவி அதற்காக என்னிடம் எரிந்து விழுந்திருக்கிறாள்.

ஆடி பாதியில்தான் எனக்கு உறைத்தது. யாரும் கேட்பதில்லை. அக்கா என்னைப் பார்த்தால் வெயிலைப் பற்றிப் பேசினார். பூக்காரம்மா முழம் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். பால்காரர் மணியடித்துவிட்டு நிற்காமல் போனார்.

வேறொருவனாக இருந்தால் அப்பாடா என்று இருந்திருப்பான். எனக்குச் சுருக்கென்றது. சரி, இவர்கள் எங்களைக் கைகழுவிவிட்டார்கள். இனி இதுகளிடம் கேட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. கேட்டபோது வந்த கோபத்தைவிடக் கேட்காதபோது வந்த கோபம் பெரிதாக இருந்தது. கையில் செய்தியை வைத்துக்கொண்டு அதை யார் மூஞ்சியிலும் விட்டெறிய முடியவில்லையே என்று பற்களைக் கடித்துக்கொண்டு திரிந்தேன்.

தறிச் சத்தமும் மாறியிருந்தது. விடியற்காலையில் தொடங்குவது வெயில் ஏறிய பிறகுதான் தொடங்கியது. அதையும் என் கணக்கில்தான் போட்டேன். அவருக்கும் சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்படி இருக்கும்போது அக்காவின் பெண்ணுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. ஆவணி பிறந்த முதல் வாரம். பெண் எங்கள் கண் முன்னால் வளர்ந்தவள் என்றே சொல்லலாம். பத்தாம் வகுப்புக்கு நான்தான் அறிவியல் சொல்லிக் கொடுத்தேன். வாசலில் பந்தல் போட்டார்கள். பந்தலின் ஒரு கால் எங்கள் வீட்டு வாசற்படியை ஒட்டி நின்றது. தெரு முழுக்க அழைத்தார்கள். எங்களை அழைக்கவில்லை.

பிள்ளையில்லாதவளை வளையல் போடக் கூப்பிடமாட்டார்கள். அப்படி நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் நடக்கும் என்று நினைத்ததில்லை. சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். நலங்குப் பாட்டும் வளையல் சத்தமும் சாத்திய சன்னலைத் தாண்டி வந்தன. என் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

"நான் போய் நாலு வார்த்த கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தேன்.

"என்னன்னு கேப்பீங்க? என் பொண்டாட்டியும் மாசமா இருக்கறான்னு சொல்லுவீங்களா?"

உட்கார்ந்தேன். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. வாயைத் திறந்தால் அது வந்துவிடும் என்று எனக்கே பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அக்காவை எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா பாட்டுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வளைகாப்பு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மீன் என்ற பேச்சை எடுத்தாலே ஓங்கரித்துக்கொண்டிருந்த என் மனைவி காலையில் எழுந்ததும், "கெளுத்தி கொழம்பு வேணும்" என்றாள்.

"கெளுத்தியா? வேணாம்மா. அடியில கெடந்து கண்டதையும் திங்கற மீனு. தொறைமுகத்துச் சேத்துல இருக்கறதெல்லாம் அது ஒடம்புல இருக்கும். சங்கரா வாங்கியாரேன். வஞ்சிரம்?"

"கெளுத்தி."

"தாமல் ஏரிக் கெளுத்தி உயிரோட கெடைக்கும். அது..."

"கடல் கெளுத்தி. மாங்கா போட்டு."

அவள் முகத்தில் வெகுநாளுக்குப் பிறகு ஆசை என்று ஒன்றைப் பார்த்தேன். விலங்கியலை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏனாத்தூர் போகும் சாலையில் தார்ப்பாய் கட்டி ஓர் அம்மா மீன் விற்கிறார். காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற மீன். எங்கள் தெருவே அவரிடம்தான் வாங்கும். நானும் ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருந்தவன்தான். நாற்றம் ஆகாது என்று மனைவி சொன்னதிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. அன்று போய்க் கெளுத்தி என்று கேட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். வரிசையில் வேறு யாரும் இல்லாததால் யாரும் திட்டவில்லை. பெரிதாக ஒன்றைக் காட்டினேன்.

அந்த அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து, முதலில் மூன்று முள்ளையும் தட்டி எடுத்தார். பிறகு தலையைப் பிடித்து வாயைப் பிளந்து வெட்டினார். உள்ளேயிருந்து மஞ்சளாக உருண்டைகள் வந்து பலகையில் விழுந்தன. ஒன்று உருண்டு ஓடித் தரையில் விழுந்தது. ஐஸில் இருந்தும் பளபளப்புக் குறையவில்லை.

"ஐய, பாரேன் சார் இத. தான் போட்ட முட்டைய தானே தின்னுக்கினு இருந்திருக்குது. சும்மாவா சொல்றாங்க சாக்கடை மீனுன்னு."

"தின்னலம்மா" என்றேன். என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது. "அது ஆம்பள மீனு. அப்பன். முட்டைங்கள வாய்ல வெச்சிக் காப்பாத்திக்கினு இருந்திருக்குது. வயித்தக் கிழிச்சிப் பாருங்க, ஒண்ணும் இருக்காது."

கிழித்தார். குடல் வெறும் நூலாக ஒட்டிக் கிடந்தது. அந்த அம்மா மீனை அப்படியே பிடித்துக்கொண்டு குடலைப் பார்த்தார்.

நான் நிறுத்தவில்லை. வகுப்பில் சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கே, தார்ப்பாய்க்குக் கீழே, கொட்டத் தொடங்கிவிட்டது. பட்டினி கிடக்கும் என்று சொன்னேன். பொரிந்து வந்த குஞ்சும் வாய்க்குள்ளேயே இருக்கும் என்று சொன்னேன். வலையில் மாட்டினால் இந்த அப்பன்கள் திணறிப்போய் முட்டையைத் துப்பிவிடும், அதனால்தான் கடைக்கு வருகிற மீன் வாயில் ஒன்றும் இருப்பதில்லை, இது துப்பவில்லை, வலையில் அடிபட்டு, படகில் விழுந்து, மூச்சு முட்டிச் செத்து, ஐஸ் பெட்டியில் இவ்வளவு தூரம் வந்தும் வாயைத் திறக்கவில்லை, பாருங்கள் என்று சொன்னேன்.

அந்த அம்மா மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானே துளை போட்ட இடுப்பு வாரைப் பார்த்தார்.

"அதான் நீயும் எளச்சிக்கினே போறியா சார்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? வாரம் தவறாம வந்துக்கினு இருந்த ஆளு, மாசக்கணக்கா காணோம். இன்னிக்கு வந்து பொண்ணு பாக்கற மாதிரி மீனப் பாத்துக்கினு நிக்கற. எனக்கு நாலு புள்ளைங்க சார்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"தெரியாதவங்க யாருன்னு கேளு. உங்க தெரு பொம்பளைங்க எல்லாம் இங்கதான வராங்க. போன ரெண்டு தபா நீங்க பட்டது போதும்னுட்டு யாரும் வாயே தெறக்கல. கேக்கறதகூட நிறுத்திட்டாங்க. நீ பாக்கலியா?"

பார்த்தேன் அம்மா. நன்றாகப் பார்த்தேன். பார்த்து என்ன நினைத்தேன் என்பதைத்தான் சொல்ல முடியாது.

அந்த மீனை அவர் எனக்குத் தரவில்லை. "இது வேணாம் சார். மாசமா இருக்கற பொண்ணுக்கு இதப் போயி குடுக்கக்கூடாது" என்று முட்டைகளையும் சேர்த்து ஒரு வாழையிலையில் மூடி ஓரமாக வைத்தார். வாயில் முட்டையோடு ஒரு கெளுத்தி ஆய்வகத்துக்குக் கிடைக்காதா என்று பல வருடம் ஏங்கியவன் நான். அன்று கேட்கத் தோன்றவில்லை. வேறு இரண்டைச் சுத்தம் செய்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசல் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மீன் பையோடு போய் எதிரில் நின்றேன். திட்டுவதற்கு இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"வளைகாப்புக்கு ஏங்கா கூப்பிடல?"

அக்கா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குழாயைச் சிறிதாக்கினார்.

"புள்ளத்தாச்சி இன்னொரு புள்ளத்தாச்சிக்கு வளையல் போடக்கூடாதுன்னு எங்க வீட்டுல ஒரு வழக்கம்பா. கூப்ட்டுட்டு, நீ போட வேணாம்மான்னு சொன்னா, ஏன்னு நாலு பேரு எதிர்ல எங்க சொந்தக்காரங்க கேப்பாங்க. அது நின்னுக்கினு முழிக்கும். கூப்பிடாம வுட்டா நீங்க என்ன மட்டுந்தான் திட்டுவீங்க. திட்டினா திட்டிட்டுப் போறாங்கன்னு வுட்டுட்டேன்."

"எப்படித் தெரியும்?"

"நடுவுல ஒரு செவுருதான இருக்குது. அது வாந்தி எடுக்கறது எங்களுக்குக் கேக்காதா? காலைலதான் அதுக்கு நல்லா தூக்கம் வருதுன்னு அவர எட்டு மணிக்கு மேல தறில ஏறச் சொல்லியிருக்கறேன். முணுமுணுத்துக்கினேதான் ஏறாரு."

குடம் நிரம்பி வழிந்தது. அக்கா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான் உங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீயும் ஒண்ணும் சொல்லல. போ, மீன் கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குழம்பு கொதிக்கும்போது எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். முதலில் என்மேல்தான் பாய்ந்தாள், நான்தான் உளறியிருப்பேன் என்று. சத்தியம் செய்தேன். பிறகு அடுப்பைச் சிறிதாக்கினாள். "அப்ப நான் சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு துண்டால பொத்திக்கினு வாந்தி எடுத்ததெல்லாம்?" என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்துக்கொண்டே இரண்டு கண்ணையும் புறங்கையால் துடைத்தாள். அன்று இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். நானும் சாப்பிட்டேன்.

இதற்குப் பிறகு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதுவரை, இந்தக் கருவும் போனால் நாங்கள் இரண்டு பேர் அழுதுவிட்டு எழுந்துவிடலாம் என்று இருந்தது. இப்போது பூக்காரம்மா, பால்காரர், எட்டு மணிவரை தறியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர் என்று எத்தனை பேர். தெருவில் நடந்தால் என்னைப் பார்க்காமல் பார்க்கிறார்கள் என்று இப்போது தெரிந்தது. நான் முகம் வாடி வந்தால் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதற்காகவே முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு நடந்ததில் தாடை வலித்தது. பள்ளியில் மண்டையோடு கடகடவென்று ஆடிக்கொண்டேதான் இருந்தது. வேதியியல் ஆசிரியர் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாள் அவர் சாப்பாட்டு டப்பாவிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், என் பக்கம் தள்ளி வைத்தார். அவருக்கும் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

ஸ்கேன் அன்று பள்ளிக்கு விடுப்பு போட்டேன். மருத்துவமனையில் அவளை உள்ளே அழைத்துப்போன பிறகு வெளியே இருந்த எல்லா நாற்காலியிலும் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தேன். செவிலியர் ஒருவர் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். பிறகு கதவைத் திறந்து என்னையும் கூப்பிட்டார்கள். இருட்டறை. என் மனைவி தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. மருத்துவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். அறை முழுக்கச் சத்தம் கேட்டது. அடித்துக்கொள்ளும் சத்தம், வேகமாக, விடாமல். முன்பு இரண்டு முறையும் நாங்கள் அதைக் கேட்கும் அளவுக்கு வந்ததே இல்லை.

"நல்லாருக்குது. எல்லாம் சரியாருக்குது" என்றார் மருத்துவர். என் மனைவி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். தெருமுனையில் திரும்பியதும் எல்லா வீட்டுத் தறியும் ஓடும் சத்தம் கேட்டது. பூக்காரம்மா கூடையை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அது அவர் உட்காரும் இடம் இல்லை. அக்கா வாசற்படியில் நின்றிருந்தார். பக்கத்து வீட்டுத் தறி திடீரென்று நின்றது. அக்காவின் வீட்டுக்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றார்.

நான் இறங்கி, மனைவியின் கையைப் பிடித்து இறக்கினேன். ஆட்டோ போய்விட்டது. அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிற அந்தக் குரலில் கேட்டார்.

"ஏதாவது விசேஷம் உண்டாப்பா?"

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நடுத்தெருவில் நின்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இத்தனை பெரிய ஆள், வாய்விட்டு அழுதேன். என் மனைவிதான் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆமாங்கா. மூணு மாசம் முடிஞ்சிடுச்சு."